கும்பலும் சட்டமும்: திருவிதாங்கூர் கண்ட பாடங்கள்

தனி மனிதன் ஒருவன் மற்றொருவனை அடித்துக் கொன்றால் அதனைக் கொலை என்கிறோம். ஐம்பது பேர் கூடி ஒருவனை அடித்துக் கொன்றாலோ, ‘ஊர் தண்டித்துவிட்டது’ என்று சொல்லி அமைந்துவிடுவோர் பலர். அடிப்பதற்கு நீண்ட கைகள் பலவாயினமையால் குற்றம் எவர் தலையிலும் விழாமற் போகிறது. கும்பல் வன்முறை என்று நாம் இங்கே குறிப்பது இத்தகைய செயலையே. விசாரணையும் சாட்சியும் தீர்ப்பும் இன்றி, ஒரு கூட்டம் தானே வாதியாகவும் நீதிபதியாகவும் தண்டனையாளனாகவும் நின்று ஒருவனை வதைப்பது அது.

இதன் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் அமெரிக்க நாட்டையே நோக்குவர். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘லிஞ்ச்’ என்னும் சொல்லும் அந்நாட்டிற் பிறந்ததே. அமெரிக்க விடுதலைப் போரின்போது வர்ஜீனியாவில், முறையான அதிகாரமின்றி எதிரணியினரைத் தண்டித்த சார்லஸ் லிஞ்ச் என்பவர் பெயரால் அச்சொல் வழங்கலாயிற்று என்பர். 1865ஆம் ஆண்டில் அங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதன் பின்னரே தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கூட்டமாகச் சூழ்ந்து கொல்லும் கொடுமை மிகுந்தது. டஸ்கீகி கல்வி நிலையத்தார் திரட்டிய கணக்கின்படி, 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்டோர் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். பட்டப்பகலில், நூற்றுக்கணக்கானோர் கண்முன் நிகழ்ந்த கொலைகளும் இவற்றுள் உண்டு. ஆயினும் மரண விசாரணை அதிகாரிகள் பலர், ‘அடையாளம் தெரியாத நபர்களால் இறப்பு நேர்ந்தது’ என்று எழுதிக் கோப்பை மூடினர். கொலைக்களத்தின் புகைப்படங்கள் அஞ்சலட்டைகளாக விற்கப்பட்ட நாட்டில், கொன்றவர் முகம் மட்டும் எவர்க்கும் தெரியாமற் போயிற்று.

1892ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய கறுப்பினத்தார் மூவர் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் செய்த பெருங்குற்றம், எதிரே இருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாகத் தம் கடையை நன்கு நடத்தியமையே எனலாம். அவர்களின் நண்பரும் பத்திரிகை ஆசிரியையுமான ஐடா வெல்ஸ் அம்மையார், அதன் பின்னர் இத்தகைய கொலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கூட்டத்தார் சொல்லும் காரணம் ஒன்றாகவும், உண்மைக் காரணம் வேறாகவும் இருப்பதைக் கண்டு எழுதினார். அவருடைய அச்சகம் தகர்க்கப்பட்டது; அந்நகருக்கு அவர் மீள இயலவில்லை. ஆனால் அவர் கண்ட உண்மை நிலைத்தது. தாழ்த்தப்பட்டிருந்தவர்கள் சற்றே நிமிரத் தொடங்கும் காலத்திலேயே கும்பலின் சினம் பொங்குகிறது என்பதே அவ்வுண்மை.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டு விளங்கிய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சென்ற நூற்றாண்டுகளின் வரலாற்றில் அதனை விரிவாகக் காணலாம். அச்சமஸ்தானத்தின் தென்பகுதி தமிழ் வழங்கும் நிலம். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஆகவே இங்கு நாம் சொல்லப்போகும் செய்திகள் தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் பொதுவானவை. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இவற்றை அறிந்திருத்தல் ஏன் இன்றியமையாதது என்பதை இறுதியிற் கூறுவோம்.

ஒரு வேறுபாட்டை முன்னரே தெளிவுபடுத்துதல் நேர்மை. அமெரிக்காவில் வெறி நிறத்தைப் பற்றி எழுந்தது. திருவிதாங்கூரில் அது சாதியைப் பற்றி எழுந்தது. அங்கே கயிற்றில் தொங்கவிட்டுக் கொல்வது பெருவழக்காயிருந்தது; இங்கே சந்தையில் மானபங்கம் செய்வதும், அடித்து விரட்டுவதும், குடிசைக்கும் பள்ளிக்கும் தீ வைப்பதும் பெருவழக்காயிருந்தன. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட இயலாது. எனினும் கூட்டம் எவ்வாறு திரளுகிறது, எதனால் துணிவு பெறுகிறது, எப்போது அடங்குகிறது என்பவற்றில் இரண்டும் பெரிதும் ஒத்திருக்கின்றன.

முதலில் தோள்சீலைக் கலகத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் இன்ன சாதியார் இன்ன உடைதான் உடுத்தலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. நாடார், ஈழவர் முதலிய பல சமூகங்களின் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணிதல் கூடாது. மேற்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்தல் அவமதிப்பு எனக் கருதப்பட்டது. குடை பிடித்தல், செருப்பு அணிதல், பொன்னகை பூணுதல், ஓட்டு வீடு கட்டுதல் முதலியவற்றிற்கும் தடைகள் இருந்தன. தலைவரி என்ற பெயரால் ஆளுக்கு இவ்வளவு என்று வரியும் தண்டப்பட்டது. உடை என்பது வெயிலுக்கும் குளிருக்கும் ஆனது மட்டுமன்று, ஒருவர் நிற்கும் படியைக் காட்டும் முத்திரையுமாகும் என்ற நிலையில், அதனை மாற்ற முனைவது அடுக்கு முழுவதையும் அசைப்பதாகத் தோன்றிற்று.

அக்காலத்தில் தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் பள்ளிகளும் ஆலயங்களும் தோன்றின. கிறித்துவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணியத் தலைப்பட்டனர். ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று ஆணை தந்தார். ஆணை பிறந்தது, ஆயின் சந்தையில் அதனை நிலைநாட்டுவார் எவருமில்லை. 1822ஆம் ஆண்டு கல்குளம் பகுதியில், மேலாடை அணிந்து வந்த பெண்கள் வழியிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர், ஆடை கிழிக்கப்பட்டது. 1820களின் பிற்பகுதியில் மீண்டும் கலகம் மூண்டது. 1829 பிப்ரவரியில் அரசு ஒரு விளம்பரம் வெளியிட்டது. நாடார் பெண்கள் மேற்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணிதல் கூடாது என்பது அதன் சாரம். கலகம் செய்தவர்கள் வேண்டியது யாதோ அதுவே அரசாணையாக வெளிவந்ததை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வெளியாயிற்று. மக்களின் சமய நம்பிக்கையில் அரசு தலையிடாது என்று அது கூறிற்று. ஒரே தாளை இரு சாரார் இரு விதமாகப் படித்தனர். இனி எம் விருப்பப்படி உடுத்தலாம் என்று நாடார் மக்கள் கொண்டனர். இனி எம் பழைய வழக்கத்தில் எவரும் கைவைக்க இயலாது என்று மேற்சாதியார் கொண்டனர். சந்தைகளில் மீண்டும் தாக்குதல் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் திவான் மாதவராவ் ஒரு விளம்பரம் வெளியிட்டார். பழைய வழக்கத்தை அனுமதியின்றி மீறுவோர் தண்டிக்கப்படுவர் என்று அது நாடார்களை எச்சரித்தது. எவரும் அமைதியைக் குலைத்தலாகாது என்று மறுசாராரையும் எச்சரித்தது. நடுநிலையாக எழுதப்பட்டதுபோல் தோன்றினும், முதற் பகுதியே கூட்டத்தின் செவியில் ஏறிற்று. ‘சர்க்கார் நம் பக்கம்’ என்ற துணிவு பிறந்தது. சில நாட்களுக்குள், 1859 ஜனவரியில், நாகர்கோவில் வரையில் கலகம் பரவிற்று. வீடுகள் கொள்ளையிடப்பட்டன, வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின.

மிஷன் ஊழியர்களும் பாதிக்கப்பட்ட மக்களும் விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பமாகச் சென்னைக்கு அனுப்பினர். அங்கே புதிதாகக் கவர்னர் பதவி ஏற்றிருந்த சர் சார்லஸ் டிரெவிலியன், இது வெறும் உள்ளூர் வழக்கம் அன்று, மனித மாண்பைப் பற்றிய வினா என்று கண்டு திருவிதாங்கூரை வற்புறுத்தினார். 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பெயரால் புதிய பிரகடனம் வெளிவந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். மீனவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியால் போர்த்திக்கொள்ளலாம். ஆயினும் மேற்சாதிப் பெண்களைப் போல் அணிதல் கூடாது என்று அது அனுமதித்தது. முழு உரிமை அன்று அது. முக்காலும் உரிமை, காலும் பழைய கட்டு. எனினும் கூட்டம் பெரிதும் அடங்கிற்று. மக்களின் மனம் ஓரிரவில் திருந்தியதால் அது நேரவில்லை. இனி அரசு தமக்குத் துணை நிற்காது என்பதைக் கலகக்காரர் உணர்ந்துகொண்டமையே காரணமாகும்.

இரண்டாவதாகச் சாலைகளைப் பார்ப்போம். அரசுப் பணத்தில் அமைத்த பொதுச்சாலைகளில் எச்சாதியாரும் செல்லலாம் என்று திருவிதாங்கூர் அரசு 1865ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. 1884இல் அதனை மீண்டும் வலியுறுத்திற்று. ஆனால் ‘ராஜவீதி’ வேறு, ‘கிராமவீதி’ வேறு என்றொரு பாகுபாடு உண்டாக்கப்பட்டு, ஆணையின் பயன் தேய்ந்தது. புலையர் என்னும் உழவுத் தொழிலாளர் 1855வரை சட்டப்படி அடிமைகளாயிருந்தவர்கள். அடிமைத்தளை நீங்கிய பின்னரும் அவர்கள் சாலையில் இறங்கினால் அடி விழுந்தது.

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே விழிஞம் துறைக்கு அருகில் உள்ளது வெங்ஙானூர். அங்கு 1863 ஆகஸ்டில் பிறந்தவர் அய்யன்காளி. 1893ஆம் ஆண்டில் அவர் வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து பொதுச்சாலையில் அதனை ஓட்டிச் சென்றார் என்பது வரலாறு. வில்வண்டி மேற்சாதிச் செல்வரின் ஊர்தி. அதில் புலையர் குலத்தார் ஒருவர் அமர்ந்து செல்வதைக் கண்டவர் கூடி மறித்தனர். அவர் அஞ்சித் திரும்பவில்லை. பின்னர் அவரும் தோழர்களும் பொதுவழியில் நடந்து சென்றபோது பாலராமபுரத்தில் நெசவாளர் வாழும் சாலியர் தெருவருகே பெருங்கலகம் மூண்டது. இரு பக்கத்தாரும் காயமுற்றனர். அதனைத் தொடர்ந்து வேறு பல ஊர்களிலும் மோதல்கள் நிகழ்ந்தன. அடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் மறுநாளும் அதே சாலையில் இறங்கினர் என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. தென்திருவிதாங்கூரின் சாலைகள் பல, அரசாணை பிறந்து முப்பதாண்டு கழித்து, இவ்வாறு நடந்து நடந்தே திறக்கப்பட்டன.

மூன்றாவது செய்தி பள்ளிக்கூடத்தைப் பற்றியது. இதுவே மூன்றனுள்ளும் நெஞ்சைப் பிழிவது. அய்யன்காளி 1907ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தமக்கு எழுத்தறிவில்லாத அவர், தம் மக்களின் குழந்தைகளுக்கு எழுத்தறிவு வேண்டுமென்பதையே சங்கத்தின் முதற் கோரிக்கையாகக் கொண்டார். அரசு அனுமதி வழங்கியும் பள்ளிகள் கதவடைத்தன. ‘எங்கள் குழந்தைகள் படிக்க இயலாவிடில் உங்கள் வயல்களில் புல்லே முளைக்கும்’ என்னும் கருத்தில் உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பசியால் அவர்களைப் பணிய வைக்கலாமென நிலக்கிழார் காத்திருந்தபோது, விழிஞத்து மீனவரோடு பேசி, படகுகளில் வேலை கிடைக்கச் செய்தார் அய்யன்காளி என்று சொல்லப்படுகிறது. இந்திய உழவுத் தொழிலாளர் வரலாற்றில், கூலியைவிடக் கல்வியை முன்னிறுத்தி நடந்த போராட்டம் என்ற சிறப்பு இதற்குண்டு.

1911ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி, அவர் தமிழர். பள்ளி நுழைவு ஆணையை மீண்டும் வலியுறுத்தியதில் அவருடைய ஆட்சிக்குப் பங்குண்டு. ஆனால் ஆணை கையிலிருந்தும் தலைமையாசிரியர்கள் தயங்கினர். 1914-15 அளவில், நெய்யாற்றின்கரைக்கு அணித்தாகவுள்ள ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றார். சிறுமி பெஞ்சில் அமர்ந்தாள். கூட்டம் திரண்டது, கைகலப்பு ஏற்பட்டது, பின்னர் பள்ளிக்கூடமே தீயிடப்பட்டது. அதனையொட்டி அச்சுற்றுப்புறத்தில் புலையர் குடிசைகள் பல தாக்கப்பட்டன.

தம் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியை ஊரார் ஏன் கொளுத்த வேண்டும்? அறிவு நிறைந்த எவர்க்கும் இவ்வினா எழும். தம் பிள்ளைக்குக் கல்வி இல்லாது போனாலும் போகட்டும், பிறர் பிள்ளைக்கு அது கிட்டலாகாது என்னும் நிலைக்குப் பகை மனிதரைக் கொண்டுபோகும் என்பதே விடை. அந்தத் தீயிலிருந்து எஞ்சியதாகக் கருதப்படும் பாதி கருகிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் நினைவுப் பொருளாகப் பேணப்பட்டு வருகிறது. அண்மைக் காலத்தில் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. திருவனந்தபுரம் செல்லும் தமிழன்பர்கள் வெள்ளையம்பலம் சந்திப்பில் அய்யன்காளியின் சிலையைக் காண்பர். இயன்றால் ஊருட்டம்பலம் வரை சென்று அந்தப் பெஞ்சையும் காண்பது நலம்.

இதே காலத்தில் கொல்லத்தை அடுத்த பெரினாட்டில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. புலையப் பெண்கள் கழுத்தில் கல்மாலை மட்டுமே அணிய வேண்டும் என்பது அங்கு வழக்கம். அம்மாலை அவர்களின் தாழ்வைக் காட்டும் அடையாளம். அதனைக் கழற்றியெறிய வேண்டுமென்று இளைஞர் சிலர் இயக்கம் நடத்தினர். 1915 அக்டோபரில் அதற்காகக் கூடிய கூட்டத்தில் அடியாட்கள் புகுந்து தாக்கினர். கலகம் பரவிப் பல நூறு குடிசைகள் எரிந்தன. மக்கள் ஊரை விட்டு ஓடினர். ஆனால் டிசம்பரில் கொல்லம் நகரில், சர்க்கஸ் கூடாரம் ஒன்றில், வேறொரு கூட்டம் கூடிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் நாயர் சமூகத் தலைவருள் ஒருவரான சங்ஙனாச்சேரி பரமேசுவரன் பிள்ளை. அவர் முன்னிலையில், எல்லாச் சாதியாரும் பார்த்திருக்க, பெண்கள் தம் கல்மாலைகளை அறுத்துக் குவித்தனர். கலகத்தில் சிக்கி வழக்குகளை எதிர்கொண்ட ஏழை மக்கள், தமக்காக வாதாடிய வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமின்றிக் குளம் ஒன்றை வெட்டிக் கொடுத்து நன்றி செலுத்தினர் என்றும் கொல்லத்தார் சொல்வர்.

ஒரே மாதத்தில் தீயிட்டதும் கூட்டம், மறு மாதங்களில் அமைதி கொணர்ந்ததும் கூட்டம். முன்னதற்கு முகமில்லை, பின்னதற்குத் தலைவர் உண்டு, பெயர் உண்டு, பேசியதற்குப் பொறுப்பு உண்டு. அதனினும் முக்கியமாக, தாக்கியோரின் சமூகத்திலிருந்தே மதிப்புடைய ஒருவர் எழுந்து வந்து, ‘இது தவறு’ என்று பொதுமேடையில் நின்றார். கும்பலுக்கு அரசின் மௌனம் எவ்வளவு துணையோ, அவ்வளவு துணை தம் இனத்துப் பெரியோரின் மௌனமும். அம்மௌனம் கலைந்தபோது கலகத்தின் நியாயமும் கலைந்தது.

இம்மூன்று நான்கு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு பொதுவான போக்குப் புலப்படுகிறது. முதற்கண், உரிமை வழங்கும் ஆணை ஒன்று மேலிருந்து பிறக்கிறது. ஆடைக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் அவ்வாறே பிறந்தது. அடுத்து, அவ்வாணையை நிறைவேற்ற வேண்டிய இடைநிலை அலுவலர் தயங்குகின்றனர். அல்லது ஆணையே இரு பொருள்பட எழுதப்படுகிறது. அந்த இடைவெளியில் கும்பல் புகுந்து, பழைய வழக்கத்தின் காவற்படையாகத் தன்னை நியமித்துக்கொள்கிறது. பலரும் எண்ணுவதுபோல் கும்பல் சட்டமே இல்லாத இடத்தில் தோன்றுவதன்று. சட்டம் பாதி வழியில் நின்றுவிட்ட இடத்திலேயே அது தோன்றுகிறது. அமெரிக்காவிலும் அவ்வாறே. அங்குக் கும்பல் கொலையைத் தடுக்கும் மசோதா 1922இல் கீழ்ச் சபையில் நிறைவேறியும் செனட் சபையில் முடக்கப்பட்டது. அத்தகைய மத்தியச் சட்டம் அந்நாட்டில் உண்டாக 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் ஆறுதல் கொள்ள இயலவில்லை. எழுத்தறிவிலும் பொதுநலத்திலும் நாட்டிற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22ஆம் நாள் பழங்குடி இளைஞர் ஒருவர் ஒரு கூட்டத்தாரால் அடிக்கப்பட்டு உயிரிழந்தார். கடையில் அரிசி முதலிய உணவுப் பொருள்களைத் திருடினார் என்பது அவர்மேற் சுமத்திய குற்றம். காட்டிலிருந்து அவரைப் பிடித்துக் கட்டி வந்தவர்கள், அக்கோலத்தில் அவரோடு நின்று படமும் எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவின் பழைய அஞ்சலட்டைகளை இது நமக்கு நினைவூட்டுகிறது. வழக்கு ஐந்தாண்டு நீண்டது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். ஆயினும் இறந்தவரின் தாயும் உடன்பிறந்தாரும் விடாது நின்றனர். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, அவர்களுள் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது.

இன்றைய சட்டத்தின் நிலையையும் சுருங்கச் சொல்வோம். 2018 ஜூலை 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுப்பது மாநில அரசுகளின் கடமை என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரை இதற்கெனப் பொறுப்பாக்க வேண்டும். தாமதமின்றி வழக்குப் பதிய வேண்டும். வழக்குகளை விரைவு நீதிமன்றங்களில் இயன்றவரை ஆறு மாதத்திற்குள் முடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று அது நெறிமுறைகள் வகுத்தது. கடமை தவறும் அலுவலர்மீது நடவடிக்கை எடுக்கவும் பணித்தது. சட்டம் பாதி வழியில் நிற்கும் அந்தப் பழைய இடைவெளியை அடைக்கும் முயற்சியாகவே இதனை நாம் கொள்ளலாம்.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒன்று சேர்ந்து, இனம், சாதி அல்லது சமூகம், பால், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை முதலிய காரணம் பற்றி ஒருவரைக் கொலை செய்தால், அக்கூட்டத்தின் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. அதே காரணங்களுக்காகக் கூட்டமாகக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்று 117ஆம் பிரிவு கூறுகிறது. ‘ஒவ்வொருவருக்கும்’ என்னும் சொல்லே இங்கு முதன்மையானது. பல கைகள் சேர்ந்தால் குற்றம் கரைந்துபோகும் என்ற பழைய எண்ணத்திற்கு இச்சொல் விடை கூறுகிறது.

‘பிறந்த இடம், மொழி’ என்னும் சொற்கள் வெளிமாநிலத் தமிழர் கண்ணில் உடனே படும். அவற்றின் பொருளை நம்மினும் நன்கு அறிந்தவர் சிலரே. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, கூட்டத்தாரில் சிலர் கையில் வாக்காளர் பட்டியல் வைத்துத் தமிழர் வீடுகளை அடையாளம் கண்டதாகப் பலரும் சாட்சி கூறியுள்ளனர். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் கலகம் மூண்டபோது, ஆற்று நீரோடு யாதொரு தொடர்புமில்லாத கூலித் தொழிலாளரின் குடியிருப்புகள் தாக்குண்டன. பேச்சு வழக்கும் கடைப்பலகையின் எழுத்துமே அங்குக் குற்றத்திற்குச் சான்றுகளாயின. இவ்வாறு பாதிக்கப்பட்டோரின் வரிசையில் நாம் நின்றிருக்கிறோம்.

ஆனால் அதே மூச்சில் மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோள்சீலையைக் கிழித்த கைகளுள்ளும் தமிழ் பேசியவர் கைகள் இருந்தன. அத்தீங்குக்கு ஆளான பெண்களும் தமிழ் பேசியவர்களே. நம் ஊர்களில் இன்று செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்துள்ள வடமாநிலத் தொழிலாளரைப் பற்றி ‘பிள்ளை பிடிப்பவன்’, ‘திருடன்’ என்று வதந்தி கிளம்பும்போது, அடிக்கக் கூடும் கூட்டத்திலும் நம்மவர் உண்டு. சென்னையிலிருந்து மும்பைக்குச் சென்ற தமிழனுக்கு மும்பையில் எந்தப் பாதுகாப்பு வேண்டுமோ, பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்தவனுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். ஒன்றை வேண்டி மற்றொன்றை மறுப்பவர் வாதம் எந்த அவையிலும் நிற்காது.

ஆகவே வெளியூரில் வாழும் நாம் செய்யத்தக்கவை சில. தெருவில் கூட்டம் திரண்டு ஒருவனைச் சூழ்ந்தால், 112 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லலாம். ‘போலீசு வருகிறது, அவர்களிடம் விடுவோம்’ என்று உரக்கச் சொல்லும் ஒரு குரல் பல சமயங்களில் ஓர் உயிரைக் காத்திருக்கிறது. கைபேசியில் வரும் வதந்தியை மேலும் ஒருவருக்கு அனுப்பும் முன் அதன் உண்மையைத் தேர்வது கடமை. நாம் வாழும் ஊரின் மொழியைக் கற்று, தமிழ்ச் சங்கங்களின் விழாக்களுக்கு அவ்வூராரையும் அழைத்துப் பழகினால், கலவர நாளில் கதவைத் தட்ட ஓர் அண்டை வீடு இருக்கும். எல்லாவற்றினும் மேலாக, கண்டதைக் கண்டபடி நீதிமன்றத்தில் சொல்ல அஞ்சாமை வேண்டும். சாட்சி சொல்ல ஒருவரும் வாராத இடத்தில்தான் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ பிறக்கின்றனர்.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, முதுமையுற்றிருந்த அய்யன்காளி தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே தம் ஆசை என்றார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1936 நவம்பர் 12ஆம் நாள், திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்திருந்தது. கோயிற் கதவு திறந்த மகிழ்ச்சியிலும் அவர் பள்ளிக்கூடத்தை மறக்கவில்லை. இன்று அவர் சமூகத்தில் பட்டதாரிகள் பல்லாயிரவர். பள்ளியைக் கொளுத்தியவர்கள் எதைத் தடுக்க முயன்றார்களோ அது நிறைவேறியே தீர்ந்தது. அதற்காக ஒரு சிறுமியும் அவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவரும் கலங்காது பெஞ்சு வரை நடக்க வேண்டியிருந்தது. இனி எக்குழந்தையும், எத்தொழிலாளியும், எவ்வூரிலும் அவ்வாறு கூட்டத்தைக் கடந்து நடக்க நேராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் ஒவ்வொருவரையும் சார்ந்தது.